கழுத்துவலி... கையில் இருக்கும் காரணம்தான் உண்மைக் காரணமா?

மாமல்லபுரம் ஐந்து ரதம் சாலையில் காலை நேரத்தில் நடந்தால், கடை வாசல்களில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கல்லுக்கு மேல் தலையைக் கவிழ்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் சிற்பியிடம், "கழுத்து வலிக்காதா அண்ணா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "வலிக்காம என்ன, குனிஞ்சே செய்யுற வேலைதானே" என்பார். தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ சும்மாடு வைத்து மீன் கூடை தூக்கும் அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டால், பதிலுக்குக் கூடையைக் காட்டுவார். ஓ.எம்.ஆர் ஐ.டி நிறுவனத்துக்கு தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருபவர் லேப்டாப்பைக் காட்டுவார். கோவளம் கடலில் அலைச்சறுக்கு பழகும் இளைஞர், பலகையில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கியே துடுப்புப் போட வேண்டியிருப்பதைச் சொல்வார். 2022-ல் இதே மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, உலகம் முழுவதிலுமிருந்து வந்தவர்கள் பலகைக்கு மேல் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்களே... அவர்களிடம் கேட்டிருந்தாலும் ரெடிமேடாக ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

இவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். கழுத்துவலிகளில் மிகப் பெரும்பாலானவை தசைப்பிடிப்பும், தேய்மானமும், தப்பாகப் படுத்த தூக்கமும்தான். சில நாள்களில், அதிகம் போனால் சில வாரங்களில் தானாகவே போய்விடும். நம் வீட்டு வைத்தியங்களுக்கு இவ்வளவு நல்ல பெயர் இருப்பதற்குக் காரணமும் இதுதான். தலையணையை வெயிலில் காயவைத்தால் சுளுக்கு போகும், இரட்டையராகப் பிறந்தவர் உருவிவிட்டால் போகும், காலால் பிறந்தவர் காலால் தடவினால் போகும் என்று ஊருக்கு ஒன்று சொல்வார்கள். மூன்றாம் நாள் வலி போயிருக்கும். தலையணையைக் காயவைக்காமல் இருந்திருந்தாலும் போயிருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சிக்கல் மீதிப் பேரிடம் இருக்கிறது. எண்ணிக்கையில் குறைவானவர்கள். அவர்களுக்கு வலி கழுத்தில் இருக்கும், நோய் வேறு இடத்தில் இருக்கும். அல்லது கழுத்திலேயே, யாரும் எதிர்பார்க்காத ஒரு நோய் இருக்கும். கையில் ஒரு காரணம் தயாராக இருப்பதால் அடுத்ததை யாரும் தேட மாட்டார்கள். சிற்பிக்குக் குனிவது, மீன்காரம்மாவுக்குக் கூடை. வீட்டு நாய்க்கு என்றால், 'காலரைப் பிடித்து இழுத்துவிட்டான் பையன்'. ஆம், இந்த விஷயத்தில் நாய்களுக்கும் நமக்கும் வித்தியாசம் குறைவு. அவற்றைப் பற்றிப் பின்னால் வருவோம்.

கல் தூசியும் கழுத்து எலும்பும்

அந்தச் சிற்பியையே எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாகக் கழுத்து வலிக்கும், ஓய்வெடுத்தால் போகும். இந்த முறை மட்டும் இரண்டு மாதமாகப் போகவில்லை. படுத்தாலும் வலிக்கிறது, ராத்திரியில் கூடுகிறது. சாயங்காலம் உடம்பு லேசாகச் சுடுகிறது. வேட்டியை முன்பைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.

அந்தக் கடைசி வரி முக்கியமானது. தலையைக் கையால் தாங்கிக்கொண்டு எழுவதற்கு மருத்துவத்தில் 'ரஸ்ட் அறிகுறி' என்று பெயர். 19-ம் நூற்றாண்டு மருத்துவர் யோஹான் ரஸ்ட்டின் பெயரால் வந்தது. கழுத்தின் மேல் எலும்புகள் அரிக்கப்பட்டு, தலையின் பாரத்தைத் தாங்க முடியாமல் போகும்போது மனிதர்கள் தாங்களாகவே செய்யும் காரியம் அது. பெரியவர்களின் தலை சராசரியாக நாலரை முதல் ஐந்து கிலோ இருக்கும். அதைச் சுமக்கும் எலும்பை அரிக்கக்கூடிய நோய்களில், நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியவற்றில் ஒன்று காசநோய்.

காசநோய் என்றதும் இருமல்தான் ஞாபகம் வரும். ஆனால், எலும்புக்குப் போகும் காசநோயில் இருமல் இல்லாமலேயே இருக்கலாம். எலும்பிலும் மூட்டிலும் வரும் காசநோயில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. அதில் கழுத்துப் பகுதியில் வருவது குறைவு, நடு முதுகிலும் இடுப்பிலும்தான் அதிகம். குறைவு என்பதாலேயே கழுத்தில் வந்தால் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. எலும்பில் உருவாகும் சீழ் தொண்டைக்குப் பின்பக்கம் தேங்கினால் விழுங்குவதற்குச் சிரமமாக இருக்கும். தண்டுவடத்தை அழுத்தினால் கைகள் மரத்து, கால்கள் தள்ளாடும். ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எலும்பு கணிசமாக அரிக்கப்பட்ட பிறகுதான் எக்ஸ்-ரே காட்டிக்கொடுக்கும். எம்.ஆர்.ஐ முன்னதாகவே காட்டும்.

சிற்பிக்கு இதில் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. உளியும் சுத்தியலும் மட்டும் இருந்த காலத்தைவிட, மின்சார கட்டிங் மெஷின் வந்த பிறகு கல் தூசி மாவாகப் பறக்கிறது. அந்த நுண்தூசி பல வருடங்கள் நுரையீரலில் படிந்தால் 'சிலிகோசிஸ்' வரும். சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடும் என்பது உலகம் முழுக்கச் சுரங்கத் தொழிலாளர்களிடமும் கல் தொழிலாளர்களிடமும் நிரூபணமான ஒன்று. ஆக, குனிந்து வேலை செய்வதால் வந்த வலி என்று அவர் நம்பிக்கொண்டிருக்கும் வலிக்கு, அதே வேலையின் தூசி காரணமாக இருக்கக்கூடும். கல்லை ஈரப்படுத்தி அறுப்பதும், கர்சீப்புக்குப் பதிலாக என்-95 மாஸ்க் கட்டுவதும் நுரையீரலுக்காகச் சொல்லப்படும் யோசனைகள்தான். கழுத்துக்கும் சேர்த்தே அவை வேலை செய்கின்றன.

காசநோய் ஆராய்ச்சியில் செங்கல்பட்டுக்கு உலக அளவில் ஒரு பெயர் உண்டு. பலருக்குத் தெரியாது. 1968-ல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர் பகுதி கிராமங்களில் பி.சி.ஜி தடுப்பூசியைச் சோதிக்கும் மாபெரும் ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தியது. 2,80,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போடப்பட்டது. ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி தடுக்கவில்லை என்று வந்த முடிவு உலகத்தையே அதிர வைத்தது. 15 வருடத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1999-ல் வெளியானபோதும் அது மாறவில்லை.

'அப்படியென்றால் குழந்தை பிறந்ததும் எதற்கு அந்த ஊசி?' என்று கேட்கத் தோன்றும். பதில் கழுத்தில் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு மூளையின் உறையில் வரும் காசநோயை, பி.சி.ஜி பெருமளவு தடுக்கிறது. வழக்கமான மூளைக்காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். காசநோயால் வருவது வாரக்கணக்கில் மெள்ள மெள்ள வரும். முதலில் சோர்வு, லேசான காய்ச்சல், தலைவலி, வாந்தி. பிறகு கழுத்து விறைக்கும். 'குழந்தைக்குக் கழுத்துல சுளுக்கு' என்று தோன்றும் நேரத்தில் நோய் வெகுதூரம் போயிருக்கும். தோளில் இருக்கும் அந்தச் சின்னத் தழும்பு, முக்கியமாக இதற்கான காவல்தான்.

சிகிச்சை விஷயத்திலும் பக்கத்து ஊரான சென்னைக்குப் பங்கு உண்டு. முதுகெலும்புக் காசநோய் என்றால் மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்துவது, பெரிய ஆபரேஷன் என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டால் போதுமா, ஆபரேஷனும் வேண்டுமா என்று சென்னையில் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் பெரும்பாலானோர் நன்றாகவே இருந்தார்கள். தண்டுவடம் அழுத்தப்பட்டவர்களுக்கும், எலும்பு நிலைகுலைந்தவர்களுக்கும் இன்றும் ஆபரேஷன் தேவைப்படும். மற்றவர்களுக்கு மருந்துதான் முதல் சிகிச்சை. எலும்புக் காசநோய்க்கு இப்போது பொதுவாக 12 மாதங்கள், சிலருக்கு 18 மாதங்கள் வரை. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்தப் பகுதி மக்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கூடையை இறக்கினால் விடும் வலி

அடுத்து, மீன் கூடை அக்கா. மணல் மேட்டில் கூடையோடு ஏறும்போது கழுத்தும் தாடையும் இறுக்கிப் பிடிக்கின்றன. கூடையை இறக்கிவைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. கூடைதான் காரணம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இங்கேதான் ஏமாற வாய்ப்பு அதிகம். உடல் உழைக்கும்போது வந்து, ஓய்வெடுத்தால் போவது இதய வலியின் இயல்பு. இதயத்துக்கு ரத்தம் போதாதபோது வரும் வலி நெஞ்சில்தான் வர வேண்டும் என்பதில்லை. தாடை, கழுத்து, தோள், இடது கை என எங்கும் உணரப்படலாம். பெண்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் இப்படி வருவது கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. கூடை இல்லாத நாளில் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாலோ, மாடிப்படி ஏறினாலோ அதே இறுக்கம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். தசை வலி என்றால் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பும்போது கூடும். இதயத்திலிருந்து வரும் வலி கழுத்தைத் திருப்புவதைப் பற்றிப் பொதுவாகக் கவலைப்படாது. கூடவே வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ தைலம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, இ.சி.ஜி எடுக்கும் வசதியுள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும்.

பேய் பிடிக்கவில்லை, ஊசி ஒத்துக்கொள்ளவில்லை

காலேஜ் படிக்கும் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும். ஊசி போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. ராத்திரி திடீரென்று கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. கண்கள் மேலே செருகுகின்றன. நாக்கு வெளியே தள்ளுகிறது. ஆனால், நினைவு தப்பவில்லை. பேச முடியாமல் தவிக்கிறாள். வீட்டில் யாராவது வேப்பிலை தேடப் போவார்கள்.

வாந்தியை நிறுத்தக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துகளும், மனநோய்க்கான சில மருந்துகளும் சிலருக்கு இப்படிச் செய்யும். பெரும்பாலும் மருந்து உள்ளே போன ஒன்றிரண்டு நாளுக்குள் வரும். இளவயதினருக்கும் பெண்களுக்கும் அதிகம். பார்க்கத்தான் பயங்கரம். டாக்டரிடம் போய் எந்த மருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டால், மாற்று ஊசி போட்ட சில நிமிடங்களில் கழுத்து நேராகிவிடும். அதனால் வாந்திக்கு ஊசி போட்டால் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள். ஒரு முறை இப்படி வந்தவர்கள் அந்த மருந்தின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குழந்தைகளின் கழுத்து திரும்பிக்கொள்வதற்கு இன்னொரு விசித்திரக் காரணமும் உண்டு. தொண்டைத் தொற்று அல்லது டான்சில் ஆபரேஷன் முடிந்து சில நாள்களில் தலை ஒரு பக்கம் சாய்ந்து, திரும்ப மறுக்கும். தொண்டையின் அழற்சி பின்னால் பரவி, கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நார்களைத் தளர்த்திவிடுவதால் வருவது. 'கிரிசெல் சிண்ட்ரோம்' என்று பெயர். அரிதானதுதான். ஆனால், இந்தக் குழந்தையை உட்காரவைத்து யாராவது கழுத்தை உருவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தாத்தா பாட்டிகளுக்கு வேறு ஒன்று. திடீர்க் காய்ச்சல், கழுத்தைத் துளிகூடத் திருப்ப முடியாத வலி. மூளைக்காய்ச்சலோ என்று வீடே பதறும். சோதித்தால், கழுத்தின் இரண்டாம் எலும்பைச் சுற்றி சுண்ணாம்புப் படிகங்கள் கிரீடம்போலப் படிந்திருப்பது சி.டி ஸ்கேனில் தெரியும். கால் மூட்டில் வரும் கௌட் வலியின் ஒன்றுவிட்ட அண்ணன் இது. அழற்சி குறைக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சில நாள்களில் தணியும். ஆனால் இதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர்தான். காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து, தாடையை நெஞ்சில் தொடும்படி குனிய முடியவில்லை என்றால், எந்த வயதாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சலூனில் ஒரு 'மடக்'

முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு மடக், அந்தப் பக்கம் ஒரு மடக். சொர்க்கம் தெரியும் என்பார்கள். கழுத்து எலும்புகளுக்குள் இருக்கும் துளைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளையின் பின்பகுதிக்குப் போகின்றன. கழுத்தை வேகமாக முறுக்கினால் அவற்றின் உட்சுவர் கிழியக்கூடும். அங்கே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம்.

பார்லரில் தலை அலசக் கழுத்தைப் பின்னால் சாய்ப்பதாலும் பக்கவாதம் வரலாம் என்பதை 1993-லேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெய்ன்ட்ராப் எழுதிவிட்டார். 2022-ல் ஹைதராபாத்தில் 50 வயதுப் பெண் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது செய்தியானது. 2017-ல் டெல்லிப் பகுதியில் 54 வயது ஆண் ஒருவருக்கு, சலூனில் கழுத்து நெட்டி முறித்ததில் மூச்சுக்கான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு மூச்சுத்திணறல் வந்தது. இவையெல்லாம் அரிது. தினமும் லட்சம் பேர் நெட்டி முறித்துக்கொண்டு நன்றாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். என்றாலும், ஏற்கெனவே கழுத்தில் வலி இருக்கிறது, காரணம் தெரியவில்லை என்கிற நிலையில் அந்த 'மடக்' வேண்டாம். எலும்பு அரித்திருக்கும் கழுத்தாக அது இருந்துவிட்டால்? இதுவரை வந்த எந்த வலியைப் போலவும் இல்லாத ஒரு பக்கக் கழுத்துவலி, கூடவே தலைசுற்றல், வாய்க்குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது என்றால் நேரத்தை வீணாக்க முடியாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1937-ல் மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் பகுதியில், கழுத்தும் முதுகும் பலகைபோல இறுகிப்போன கிராம மக்களை ஷார்ட் தலைமையிலான மருத்துவர்கள் விவரித்தார்கள். குடிநீரில் இருந்த அளவுக்கு மீறிய ஃபுளோரைடு எலும்பிலும் நார்களிலும் படிந்ததே காரணம். நம் மாநிலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்களுக்கு இது தெரிந்த கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அதே தண்ணீரைக் குடித்த மாடுகளும் நடை இறுகிப்போயின. மனிதர்களுக்கு வரும் எலும்பு நோய் வாயில்லா ஜீவன்களுக்கும் வரும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடையாது.

அதுக்கு வலிக்குதுன்னு எப்படித் தெரியும்?

நாய்க்கும் கழுத்தில் ஏழு எலும்புகள்தான். நமக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு. ஆனால், நாய் 'கழுத்து வலிக்குது' என்று சொல்லாது. தட்டில் இருக்கும் சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப்போகும். 'சாப்பிட மாட்டேங்குது, வயித்துல கோளாறு' என்று நாம் முடிவு செய்வோம். தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். கூப்பிட்டால் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கும். தூக்கினால் 'வீல்' என்று கத்தும். ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்திருக்கும். அப்போது காலில் முள் தேடுவோம். கழுத்தில் நசுங்கிய நரம்பின் வலி காலில் தெரிவதாக அது இருக்கலாம்.

எந்த நாய், என்ன வயது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. குட்டைக் கால் டாஷ்ஹண்ட், பீகிள், ஷிட்சூ போன்றவற்றுக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் சின்ன வயதிலேயே இறுகி, பிதுங்கும். டாபர்மேன், கிரேட் டேன் போன்ற பெரிய நாய்களுக்குக் கழுத்தில் தண்டுவடம் நெரிபட்டு, பின்னங்கால் குடித்தவர்போலத் தள்ளாடும். பொமரேனியன், சிவாவா போன்ற பொடி நாய்களுக்கு முதல் இரண்டு எலும்புகளின் இணைப்பே பிறவியில் தளர்வாக இருக்கலாம். மனிதர்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்கும், வருடக்கணக்காக ருமட்டாய்டு மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் இதே இடத்தில் இதே தளர்ச்சி வரும். அப்படிப்பட்ட பொமரேனியனைக் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்குவது உயிரோடு விளையாடுவது. மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸ்தான் அதற்குச் சரி.

ஒரு வயதுகூட ஆகாத பீகிளுக்கோ பாக்ஸருக்கோ காய்ச்சலோடு கழுத்து மரக்கட்டைபோல விறைத்தால், கிருமியே இல்லாமல் மூளையுறையில் வரும் ஒருவகை அழற்சியைக் கால்நடை மருத்துவர்கள் யோசிப்பார்கள். உடலின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்குவதால் வருவது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் கேட்காது. முதுகுத் தண்டு நீரைச் சோதித்துப் பார்த்து, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலானவை பிழைத்து ஓடி விளையாடும். கிருமித்தொற்று இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்டீராய்டை ஆரம்பிப்பது ஆபத்து என்பதால்தான் அந்தச் சோதனை.

நம் கடற்கரைப் பக்கம் அதிகம் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, உண்ணி. வெக்கையும் ஈரமும் வருடம் முழுக்க இருக்கும் ஊர்களில் உண்ணிக்கு விடுமுறை கிடையாது. பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிகியா என்ற கிருமி ரத்தத்தில் புகுந்தால் காய்ச்சல், சாப்பிடாமை, வெளுத்த ஈறு, சில சமயம் மூக்கில் ரத்தம். சில நாய்களுக்கு மூட்டுகளும் மூளையுறையும் பாதிக்கப்பட்டு, கழுத்தைத் தொட்டாலே கத்தும். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருப்பது தெரியும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஏறக்குறைய நான்கு வாரங்கள் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே வாலாட்டுகிறது என்று பாதியில் நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, கடற்கரையில் கிடக்கும் குச்சியும் தூண்டில் முள்ளும். குச்சியை எறிந்து நாயை ஓடிப்போய்க் கவ்வ வைப்பது எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு. மணலில் செங்குத்தாகக் குத்தி நிற்கும் குச்சியை ஓடிவந்த வேகத்தில் கவ்வினால், அது தொண்டையின் பின்சுவரைத் துளைத்துவிடும். அன்றைக்கு லேசாக ரத்தம் வந்து நின்றுபோகும். உடைந்த சிறு துண்டு உள்ளேயே தங்கி, சில வாரம் கழித்துக் கழுத்தில் சீழ்க்கட்டியாக வரும்போது, அந்த விளையாட்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது. மரத்துண்டு எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால், டாக்டரிடம் நாம்தான் சொல்ல வேண்டும். தூண்டில் முள் எக்ஸ்-ரேயில் பளிச்சென்று தெரியும். மீன் தலையோடு முள்ளையும் விழுங்கிய நாயின் வாயிலிருந்து நரம்பு தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், நறுக்கியும் விடாதீர்கள். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையில் பாதியை உடைத்துச் சோற்றில் கலந்து கொடுப்பது இன்னொரு பழக்கம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதால்தான், 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. ஓர் உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னோர் உயிருக்கு விஷமாவதை நம் நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

எல்லாவற்றையும்விட ஆபத்தான 'கையில் இருக்கும் காரணம்' ஒன்று உண்டு. நாயின் வாய் திறந்தே தொங்குகிறது, எச்சில் வழிகிறது, விழுங்க முடியாமல் கழுத்தை நீட்டி நீட்டித் தவிக்கிறது. 'தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு' என்று பாசத்தோடு வாய்க்குள் கையை விடுவார்கள். ரேபிஸின் ஒரு வகை இப்படித்தான் இருக்கும். குரைக்காது, துரத்தாது, கடிக்கக்கூடக் கடிக்காது. தாடையும் தொண்டையும் செயலிழந்து, பாவமாக நிற்கும். தடுப்பூசி போடாத நாய், தெரு நாய் என்றால் கையை விடவே கூடாது. விட்டாயிற்று, கையில் பல் கீறலோ எச்சிலோ பட்டாயிற்று என்றால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் என்ன ஆகிறது பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்ட வீட்டு நாய், தண்ணீரும் குடிக்கிறது, தட்டை மட்டும் தொட மாட்டேன் என்கிறது என்றால், ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு செங்கல்லை அடுக்கி, தட்டை அதன் மேல் வையுங்கள். தலையைத் தாழ்த்தாமல் எட்டுகிற உயரத்தில் வைத்ததும் 'லபக் லபக்' என்று சாப்பிட்டால், வயிற்றை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்க்கச் சொல்லலாம். அதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்திருப்பது, படி ஏறத் தயங்குவது, திரும்பும்போது உடம்பையே சேர்த்துத் திருப்புவது எல்லாவற்றையும் எடுங்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவமனையானாலும், 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியானாலும், டாக்டருக்கு அந்த வீடியோ தேவைப்படும். டேபிளில் ஏற்றியதும் பல நாய்கள் பயத்தில் விறைத்து நிற்கும். வீட்டில் தொட்டாலே கத்தியது, அங்கே அழுத்தினாலும் சத்தம் போடாது.